பள்ளத்துருத்துக்கு எந்தத் தரம்

ஊரைத் தரம் பிரிக்கற வேலைன்னா ஏதோ பெரிய உத்தியோகம்னு நினைச்சுக்காதேங்கோ. கொச்சியில, மட்டாஞ்சேரியில ஒரு பழைய சுக்குக் குடோனுக்கு மேல எங்க சர்வே கம்பெனி. ஃபேன் சுத்தினாலும் சுத்தும், சுத்தாமலும் இருக்கும். கிராம முன்னேற்றத் திட்டத்துக்காக ஒவ்வொரு ஊரையும் மூணு தரத்துல ஒண்ணுல போடணும். முதல் தரம்னா ஊர் நன்னா இருக்கு, படகுத்துறையும் டூரிஸ்டும் போதும். இரண்டாம் தரம்னா வீட்டுத் தரையை உசத்தித் தருவா. மூணாம் தரம்னா ஊரையே காலி பண்ணி, எல்லாரையும் டவுன்ல தோப்பும்படிப் பக்கம் ஃப்ளாட்டுல குடிவைப்பா. வருஷத்துல எத்தனை நாள் வீட்டுக்குள்ள தண்ணி ஏறறதுங்கறதுதான் முக்கியமான கேள்வி. நூறு நாள் தாண்டினா மூணாம் தரம்.

கும்பளங்கிக்கு அந்தாண்டை பள்ளத்துருத்துன்னு ஒரு சின்னத் தீவு, முப்பத்தொரு வீடு. எல்லா வீட்டிலயும் குடும்பத் தலைவர்கிட்ட கேட்டோம். சொல்லிவெச்சாப்பல எல்லாரும், பெருமழை வருஷம் ஏறித்து, அப்புறம் இல்லேன்னா. முதல் தரம்னு போட்டு, எங்க மேனேஜர் வெங்கிடேஷ் சந்தோஷமா ஃபைலை மூடிட்டான். நான் சும்மா இருந்திருக்கலாம். ஐம்பத்திரண்டு வயசுல, முட்டுவலியோட, இந்த அனந்தலக்ஷ்மிக்கு எதுக்கு ஊர்வம்பு? ஆனா எடுத்துண்டு வந்த ஃபோட்டோவுல எல்லா வீட்டிலயும் கட்டில் வெட்டுக்கல்லுமேல நிக்கறது. ஃப்ரிட்ஜ் மேஜைமேல. மனசு கேக்கலை. மறுபடி பஸ், மறுபடி வள்ளம்னு அலைஞ்சேன்.

ராசப்பன்னு ஒரு வலைக்காரர், அறுபது வயசு இருக்கும். கேட்டா சிரிக்கறார். அது கடல் ஏத்தத்துல வர்ற தண்ணியாம், விடியக்காத்தால வந்து பத்து மணிக்குப் போயிடுமாம், அதையெல்லாம் யார் எண்ணுவான்னார். அவருக்குத் தெரியாதுதான். தண்ணி ஏறற நேரத்துல ஆம்பிளைகள் எல்லாம் வலைகிட்ட. திரும்பி வரச்சே பொம்மனாட்டிகள் சேறை வழிச்சு, கழுவிவிட்டு, மரவள்ளிக் கப்பையும் மீன்கூட்டானும் பண்ணி வெச்சிருப்பா. நாங்களும் போய்க் குடும்பத் தலைவரைத்தானே கேட்டோம். என் தலையில நானே அடிச்சுண்டேன்.

உள்ளே இருந்த அவர் மருமகள் சுப்ரியாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். யோசிக்கவே இல்லை, நூத்திநாப்பது நாள்னா. அவள் கால் விரலிடுக்கெல்லாம் சேத்துப்புண்.

ராசப்பன் முகம் செத்துப்போச்சு. தரம் மூணையும் மறைக்காம சொன்னேன். அக்கம்பக்கத்து ஆம்பிளைகளும் கூடிட்டா. ஃப்ளாட்டுல ஏறி உக்காந்துண்டு வள்ளத்தை எங்க கட்டறது, வலையை எங்க காயப்போடறதுன்னு கேட்டா. அதுவும் நியாயம்தான். கடைசியில ராசப்பன், நாப்பது நாள்னு எழுதுங்கோன்னு என் கையைப் பிடிக்காத குறையாக் கெஞ்சினார். நாப்பதுன்னா இரண்டாம் தரம். தரையும் உசரும், ஊரும் இருக்கும். முப்பத்தொரு வீட்டுத் தலைவரும் அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா. நாள் கணக்கு எழுதற இடத்தை மட்டும் நான் காலியா விட்டு வெச்சேன்.

ஆம்பிளைகள் கூடினதுமே சுப்ரியா உள்ளே போயிட்டா. நான் வள்ளத்துல ஏறப்போறச்சே பின்னாடியே ஓடிவந்தா.

"உள்ளதை எழுதுங்க சேச்சி. எனக்கு இங்கேருந்து போகணும்."

ரெண்டு நாள் அந்தப் படிவத்தை வெச்சுண்டு உக்காந்திருந்தேன். ஒரு பக்கம் முப்பத்தொரு கையெழுத்து, ஒரு பக்கம் ஒரு பொண்ணு. அவளாட்டம் அங்கே இன்னும் எத்தனை பேரோ, அவாளையெல்லாம் போய்க் கேக்க என் கால்ல தெம்பில்லை. மூடின ஃபைலைத் திறந்துட்டு இழுத்தடிக்கறேன்னு வெங்கிடேஷ் வேற உயிரை எடுத்தான். நாப்பதுன்னு எழுதிக் கொடுத்தேன். சரியாத்தான் பண்ணினேன்னு எனக்கு நானே சொல்லிண்டேன்.

முடிவு வந்த அன்னிக்கு ராசப்பன் ஃபோன் பண்ணினார். மூணு வருஷத்துக்குள்ள தரையை உசத்தித் தருவாளாம். மனுஷனுக்குத் தலைகால் புரியலை. சுப்ரியாவும் ஒரு வார்த்தை பேசட்டும்னு ஃபோனை அவள் கையில கொடுத்துட்டார்.

அவள் கோபமாப் பேசியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

"இத்தனை வருஷத்துல என்கிட்ட கேட்டது நீங்க ஒருத்திதான் சேச்சி," ன்னா. "கேக்காமலே இருந்திருக்கலாம்."