கழற்றிவைத்த ரெகுலேட்டர்

என் புருஷன் மெர்ல் முப்பது வருஷம் பண்ணை வீடுகளுக்கு கேஸ் லாரி ஓட்டினவன். கேஸ் சமாச்சாரத்தில் வேறு யாராவது வாயைத் திறந்தாலே அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "நீ அதுல கை வைக்காத, ஆர்லிஸ்" என்று கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போயிருந்தது. அதனாலேயே கை வைத்தேனோ என்னவோ.

லீவில் தங்கிச் சமைத்துத் தூங்குகிற எங்கள் கேம்பர் வண்டியின் முன்னால் இரண்டு சிலிண்டர் இருக்கும். அங்கேயே ஒரு ரெகுலேட்டர், கேஸின் வேகத்தைக் குறைத்து வண்டிக்குள்ளும் பக்கவாட்டுக் குழாய்க்கும் அனுப்பும். வெளியே இறைச்சி சுடுகிற சின்ன அடுப்பில் இன்னொரு ரெகுலேட்டர். அடுப்பைப் பக்கவாட்டுக் குழாயில் மாட்டினால் இரண்டும் சேர்ந்து தீயைச் சாகடிக்கும். போன கோடையில் மெர்ல் மீன் பிடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, வண்டிகளை நிறுத்தித் தங்குகிற முகாமில் பக்கத்து வண்டிக்காரி சொன்னாளென்று அடுப்பிலிருந்ததைக் கழற்றிக் கரண்டி டிராயரில் போட்டுவிட்டேன். தீ ஜோராக எரிந்தது. தான் குழாயை ஊதிச் சுத்தம் செய்ததால்தான் என்று மெர்ல் முகாம் முழுக்கப் பீற்றிக்கொண்டான். கண்ணாடி போடச் சொன்னால் ரோஷப்படுகிற ஆள், அடுப்பின் அடியில் எதையும் பார்க்கவில்லை. பீற்றிக்கொள்ளட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

இந்த செப்டம்பர் லீவுக்கு எங்களுக்குக் கிடைத்த இடத்தில் பக்கவாட்டுக் குழாய் ரோட்டுப் பக்கம் இருந்தது. மெர்லுக்கோ ஏரியைப் பார்த்தபடிதான் சுட வேண்டும். மகளும் மருமகனும் படகில் போயிருந்தார்கள். "உன்னை நம்பித்தான்மா விட்டுட்டுப் போறேன்" என்று சொல்லி மகள் கொடுத்துப்போன எட்டு மாசக் குழந்தை மேவிஸ், வண்டிக்குள் கீழ்க்கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். குளிர் காற்று படக்கூடாதென்று ஜன்னல்களைச் சாத்தியிருந்தேன். வெளியே படியில் உட்கார்ந்து சோளக்கதிர் உரித்துக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்து பார்த்தால், முகாம் கடையில் வாங்கின புது டியூபை அடுப்பில் மாட்டி, மறுமுனையை மெர்ல் நேராக சிலிண்டரிலேயே திருகிக்கொண்டிருக்கிறான். சிலிண்டரின் முழு வேகமும் தடுக்க ஒன்றுமில்லாமல் அடுப்புக்கு வரும். பற்றவைத்தால் தீ அவன் முகத்தில்தான் எழும்பும். அடுப்பு நின்றதோ வண்டியின் சுவரை ஒட்டி. சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை.

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. பாழாய்ப்போன வீம்பு. அவன் லைட்டர் எடுக்கத் திரும்பின நேரம் சிலிண்டரை மூடிவிட்டு, காலியாகிவிட்டது போலிருக்கிறது, இன்றைக்கு சாண்ட்விச் போதும் என்றேன். தூக்கிப் பார்த்தான். காலியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, உனக்கு என்ன தெரியும் என்று என்னை ஒரு பார்வை பார்த்தான். சிலிண்டரை மறுபடியும் திறந்தான். அடுப்பின் மூடியைத் திறக்காமலே திருகைத் திருப்பினான். உஸ்ஸென்று சத்தம் எனக்குக் கேட்டது, அவனுக்குக் கேட்கவில்லை. லைட்டரை நீட்டினான்.

"மெர்ல், பத்த வெக்காத. அதுல ரெகுலேட்டர் இல்ல. நான் கழட்டிட்டேன்."

அவன் கை அப்படியே நின்றது. சிலிண்டரை மூடினான், மூடியைத் தூக்கித் திறந்து வைத்தான், குனிந்து அடுப்பின் அடியைத் தடவிப் பார்த்தான். பிறகு புல்லில் உட்கார்ந்துவிட்டான். கத்துவான் என்று காத்திருந்தேன்.

"எவ்ளோ நாளா?" என்றான்.

போன கோடையிலிருந்து என்றேன். தலையாட்டினான். அவன் பார்வை வண்டியின் கதவுக்குப் போனது.

"காலைல உள்ள ஏதோ நாத்தம்னு சொன்னியே."

சொன்னேன்தான். கழிவுநீர்த் தொட்டி நாற்றமென்று அவன்தான் தள்ளிவிட்டான். இந்த முகாமில் எந்த நாற்றம் வந்தாலும் எல்லோரும் தொட்டியின் தலையில்தான் போடுவார்கள். நானும் விட்டுவிட்டேன். கேஸாக இருந்தால் தரையோரம் மாட்டியிருக்கிற கசிவு அலாரம் கத்தி ஊரைக் கூட்டியிருக்காதா என்றேன்.

"அந்த அலாரம் கத்தாது, ஆர்லிஸ். ஜூலைலயே ஒயரப் புடுங்கிட்டேன். சும்மா சும்மா கத்தி என்னைத் தூங்க விடல. ஒங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

கேஸ் தரையோடு தரையாகத் தேங்கும். கீழ்க்கட்டில்.

சோளமெல்லாம் மடியிலிருந்து சிதற எழுந்தேன். "லைட்டு சுவிட்சத் தொடாத" என்று பின்னாலிருந்து மெர்ல் அலறினான். கதவைத் திறந்ததும் அழுகின முட்டை நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். மேவிஸ் மல்லாந்து கிடந்தாள், வாய் லேசாகத் திறந்திருந்தது. தூக்கினேன், தலை என் தோளில் தொய்ந்து விழுந்தது. கடவுளே, மகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்பதைத் தவிர வேறு எதுவும் மனசில் ஓடவில்லை.

ஏரிக்கரை வரை ஓடி, காற்று வீசுகிற பக்கம் அவள் முகத்தைத் திருப்பினேன். உள்ளங்காலில் சுண்டினேன். அசையவில்லை. மெர்ல் மூச்சிரைக்க வந்து மண்டியிட்டு, அந்தப் பெரிய விரலால் இன்னொரு காலைச் சுண்டினான். மறுபடியும் சுண்டினான். "மேவிஸ், தாத்தா கூப்பிடறேன்மா, கண்ணத் தொறம்மா" என்று கெஞ்சினான்.

மூஞ்சியைச் சுளித்தாள். பிறகு வாயைத் திறந்து வீலென்று கத்தினாள்.

முகாமே திரும்பிப் பார்த்தது. பக்கத்து வண்டிக்காரி ஓடி வந்து, என்ன ஆச்சு, ஏன் பச்சைக்குழந்தையை இப்படி அழவிடுகிறீர்கள், கொஞ்சம் சமாதானப்படுத்தினால் என்ன என்று கேட்டாள். ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லி அவளிடம் கெஞ்சினேன்.

மெர்ல் தலையை நிமிர்த்தவே இல்லை. அவன் கண்ணீர் குழந்தையின் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அவ அழட்டும்" என்றான்.