ஏழாம் பெட்டிக்கு முன்னால்

“அப்பா, பேசிக்கிட்டே இருக்கும்போது நீ ஏன் திடீர்னு கல்லாயிடற?”

இதைக் கேட்டபோது ஹேவொனுக்கு ஆறு வயது. அம்மாவோடு கனடாவுக்குப் படிக்கப் போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. திரையில் அப்பாவின் வாய் பாதி திறந்தபடி நின்றுவிடும். பிறகு அவர் சொன்னதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும்.

“லைன் சரியில்லம்மா. அப்பா சரி பண்ணிடறேன்” என்றார் இன்சோ.

அவருடைய வேலையே அதுதான். தேஜான் நகரில் ஓர் அரசு ஆய்வுக்கூடம். தூரத் தீவுகளுக்குக் கடல் தாண்டிப் போகும் கம்பியில்லா இணையம் அடிக்கடி அறுந்துபோகிறது. அதை ஒரு புதிய மென்பொருளால் குறைக்க முடியுமா என்று மக்கள் வரிப்பணத்தில் மூன்று வருட ஆய்வு. ஒன்பது தீவுகளில், ஒன்பது வீட்டுச் சுவர்களில், இணைய அலையை வாங்கும் ஒன்பது பெட்டிகள்.

குடும்பத்தை வெளிநாட்டில் வைத்துவிட்டு, எப்போதாவது பறந்துபோய்ப் பார்த்துவிட்டு வரும் ஆண்களைக் காட்டுவாத்து அப்பா என்பார்கள். இன்சோ கடைசியாகப் பறந்து இரண்டு வருடமாகிறது. ஒற்றை அறையில் கடையில் வாங்கிய சோற்றைச் சூடாக்கித் தின்று, ஞாயிறு காலை எட்டு மணிக்காகக் காத்திருப்பார். அது மகள் அழைக்கும் நேரம். இப்போது அவளுக்குப் பதினொன்று. லைன் அறுவதே இல்லை. ஆனால் அவள் “ம்” என்கிறாள், “சரி” என்கிறாள். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

செவ்வாய்க்கிழமை மதிப்பீட்டுக் குழு கூடுகிறது. அவர்கள் தேறாது என்று சொன்னால் ஆய்வு நின்றுவிடும். அதோடு இன்சோவின் ஒப்பந்தமும். எட்டுப் பெட்டிகளில் முன்னேற்றம் கொஞ்சம்தான். நல்தோ தீவின் ஏழாம் பெட்டியில் மட்டும், போன வருடக் கோடையைவிட இந்தக் கோடையில் இணைப்பு அறுவது பாதியாகக் குறைந்திருந்தது.

“அண்ணே, அந்த ஏழுக்குக் கோயில்தான் கட்டணும். நம்ம சோத்தைக் காப்பாத்துற சாமி அது” என்றான் கூட வேலை செய்யும் பியோ. “ஒரு போட்டோ புடிச்சிட்டு வாங்க. அறிக்கையோட முதல் பக்கத்துல போடுவோம்.”

சனிக்கிழமை இன்சோ படகேறினார்.

பெட்டி இருந்தது சுன்ரே என்ற அம்மாவின் வீட்டுச் சுவரில். கடற்பாசி அறுத்துக் காயவைத்து விற்பவர். கணவர் இல்லை, பிள்ளைகள் பெரிய ஊரில். கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“வாங்க டாக்டரே. பெட்டிக்குத் தடுப்பூசியா?”

“போட்டோ எடுக்க வந்தேம்மா.”

“என்னையும் சேத்து எடுக்காதீங்க. இந்த மூஞ்சியப் பாத்தா சர்க்கார் காசு குடுக்காது.”

தண்ணீர் கேட்டு வீட்டின் பின்பக்கம் போனபோது இன்சோ கயிறுகளைக் கண்டார். வெயில் படாத மதிலோரம் ஆள் உயரப் பாசி வரிசை வரிசையாகத் தொங்கியது. ஒரே நாளில் கருகருவென்று காய வேண்டியது, மூன்று நாள் ஈரத்தில் கிடந்து ஓரமெல்லாம் வெளுத்திருந்தது.

“நிழல்ல போட்டிருக்கீங்களே?”

“முன்னாடி உங்க பெட்டி இருக்கே. போன வருஷம் அங்கதான் தொங்கவிட்டேன். இந்த வருஷம் நாட்டாமை காலையில ஒலிபெருக்கியில உங்க கடுதாசியப் படிச்சாரு. பெட்டிக்கும் கடலுக்கும் நடுவுல எதுவும் மறைக்கக் கூடாதாமே. ஊரே என்னைத் திரும்பிப் பாத்துச்சு.”

இந்த வருடம் எல்லாத் தீவுகளுக்கும் பொதுவாகப் போன கடிதம் அது. அனுப்பியதே இன்சோவுக்கு மறந்திருந்தது. ஈரப்பாசி தண்ணீர்ச் சுவர் மாதிரி, இணைய அலையைக் குடித்துவிடும். போன கோடையில் பெட்டிக்கு முன்னால் அந்தச் சுவர் இருந்தது, இந்தக் கோடையில் இல்லை. அவ்வளவுதான். ஏழாம் பெட்டியைக் காப்பாற்றியது அவருடைய மென்பொருள் இல்லை.

“பாசி வீணாகுதேம்மா. முன்னாடியே போட்டுக்கோங்க.”

“வெளுத்ததையும் வியாபாரி எடுத்துக்கிறான், கொஞ்சம் மூஞ்சியச் சுளிப்பான். சுளிச்சா சுளிக்கட்டும். எத்தனையோ பேரு தூரத்துப் புள்ளைங்களோட பேசுறதுக்காம் இந்த வேலை. நாம கெடுக்கலாமா?” சொல்லிவிட்டு ஒரு கிண்ணம் பாசிக் கஞ்சியை அவர் முன்னால் வைத்தார். “குடிங்க. ஒத்தையா இருக்கிற ஆம்பள மூஞ்சி உங்களுக்கு.”

மறுநாள் காலை எட்டு மணிக்குப் படகுத்துறையில் உட்கார்ந்திருந்தார். ஹேவொன் அழைத்தாள். பள்ளியில் நீச்சல் போட்டி என்றாள். இன்சோ ஏதோ கேட்க வாயெடுத்து, ஏழாம் பெட்டியின் நினைவில் அப்படியே இருந்துவிட்டார்.

“அப்பா? கல்லாயிட்டியா?”

ஐந்து வருடம் கழித்து அந்தச் சொல்.

“இல்லம்மா. லைன் நல்லாத்தான் இருக்கு. அப்பாதான் நின்னுட்டேன்.”

“ஏன்?”

“ஒரு தப்புக் கணக்கு. அதைச் சொன்னா அப்பாவுக்கு வேலை போனாலும் போகும்.”

ஹேவொன் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தாள்.

“சொல்லலைன்னா?”

“எப்பவும் இப்படி நடுவுல நடுவுல நின்னுபோவேன்.”

“அப்ப சொல்லிடு” என்றாள் ஹேவொன். பிறகு நீச்சல் போட்டியை முதலிலிருந்து சொன்னாள். அன்று இருபது நிமிடம் பேசினார்கள்.

பேசி முடித்ததும் இன்சோ பியோவுக்கு எழுதினார்: ஏழாம் பெட்டியை அறிக்கையிலிருந்து எடுத்துவிடு, காரணத்தையும் ஒளிக்காமல் எழுது, கையெழுத்து என்னுடையது. பியோவின் பதில் உடனே வந்தது: “கோயிலை நீங்களே இடிச்சிட்டீங்களே அண்ணே. சரி, எடுத்துட்டேன்.”

தேவாலய மணி அடித்தது. சுன்ரே அம்மா வேதப் புத்தகத்தோடு மேட்டில் ஏறிப் போவது தெரிந்தது. அவருக்குப் பின்னால் ஊரும் போயிற்று. மதியம் ஒரு மணிப் படகுக்கு நேரமிருந்தது.

இன்சோ அந்த வீட்டுக்குப் போனார். ஏணியைச் சாத்தி, பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றி, கூரை முனையில் பாசிக்கு எட்டாத உயரத்தில் இறுக்கிக் கட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. இடம் மாற்றிய தேதியைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு பின்பக்கக் கயிறுகளை அவிழ்த்து, முன்வாசல் வெயிலில் பழைய ஆணிகளிலேயே கட்டினார். பாசியை இரண்டு இரண்டாகத் தோளில் சுமந்து வந்து தொங்கவிட்டார். சட்டையெல்லாம் உப்புத் தண்ணீர். மேட்டிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டபோது ஒரு கணம் தலை குனிந்து நின்றார்.

கடைசிப் பாசியின் மடிப்பை விரலால் நீவிவிட்டார். சுள்ளென்ற வெயில். சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும்.

ஏணியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, படகுக்கு நடந்தார்.