திருப்பி அனுப்பிய பணம்

முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு யார் வந்தாலும், உள்ளே இருப்பவர்கள் எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் வந்தால் மட்டும் எட்டிப் பார்க்கும் வேலையே இல்லை. வாசலில் காவலாளியிடம் அவர் "சாப்டாச்சா?" என்று கேட்பது மாடியில் இருக்கும் கணக்குப் பிரிவு வரைக்கும் கேட்கும். "பீரங்கி வந்துடுச்சு" என்று யாராவது சொல்வார்கள். மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள்.

அது சும்மா வைத்த பட்டப்பெயர் இல்லை. இளமை முழுவதும் பீரங்கிப் படையில் இருந்தவர் அவர். வெடித்த ஒவ்வொரு குண்டும் அவர் காதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிக்கொண்டு போயிற்று. ஓய்வு பெற்று வந்தபோது பாதிக் காது மிச்சமிருந்தது. இப்போது காதோரம் கத்தினால் ஏதோ கொஞ்சம் கேட்கும், அவ்வளவுதான். தன் குரலே தனக்குச் சரியாகக் கேட்காததால், ஊருக்கே கேட்கும்படி பேசுவார்.

எப்போதும் அவர் மனைவியும் கூட வருவார். கணவரின் தோளுக்குக்கூட எட்டாத, ஒல்லியான அம்மாள். யார் என்ன சொன்னாலும் விரலாலும் உதட்டாலும் கணவருக்கு எடுத்துச் சொல்வார். அவருக்கு ஒரு காது உண்டென்றால் அது அந்த அம்மாள்தான்.

அன்றும் இருவரும் அதிகாரியின் அறைக்குள் வந்து உட்கார்ந்தார்கள்.

"அந்தக் காது மெஷின் என்னாச்சுன்னு கேக்க வந்தோம் சார்" என்றார் அந்த அம்மாள்.

"மாநில அரசு பணம் ஒதுக்கியாச்சும்மா. வேலை நடந்துட்டிருக்கு."

"போன தடவையும் நடந்துட்டுதான் சார் இருந்துச்சு. எங்க போய்ச் சேரும்னு தெரிஞ்சா நாங்க அங்கயே போய் நின்னுக்குவோம்."

"என்ன சொல்றாரு?" என்று பீரங்கி கேட்டார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்த அம்மாள் மேசை மேல் இரண்டு விரல்களை நடக்க விட்டுக் காட்டினார். அவர் பலமாகச் சிரித்தார். "நடக்கட்டும், நடக்கட்டும். நாங்களும் நெறைய நடந்தவங்கதான்."

"கத்திக் கத்தி என் தொண்டை கட்டிப்போச்சு சார்" என்றார் அந்த அம்மாள். "சோப்பு எடுத்துக் குடுங்கன்னு சொன்னாக்கூட, நாங்க சண்டை போடுறோம்னு பக்கத்து வீட்ல நெனைக்கிறாங்க. ரோட்டோரக் கடையில மலிவா ஒண்ணு வாங்கிப் பாத்தோம். அது விசில்தான் அடிச்சுது. நல்லதா வாங்க எங்க கையில ஏது? இவர்கிட்ட ஒரு நாளாவது மெதுவாப் பேசிப் பாக்கணும் சார். கல்யாணம் ஆன புதுசுல பேசின மாதிரி." சொல்லிவிட்டுத் தானே கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அதிகாரிக்குப் பாவமாகத்தான் இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. அலுவலகத்துக்கு வருகிறவர்களிடம் ஒரு தேநீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. சொந்தக் காரியத்துக்கு அலுவலக வண்டியில் ஏறியதில்லை. ஆனால் எதற்கெடுத்தாலும் "விதி என்ன சொல்லுது?" என்றுதான் கேட்பார். ஊழியர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் 'விதி சார்' என்றார்கள். அவருக்கும் அது தெரியும். உள்ளூர அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவர்கள் போன பிறகு தலைமை எழுத்தர் உள்ளே வந்தார். அந்த அலுவலகத்திலேயே நரைத்த பெண்மணி. மனதில் பட்டதை மென்று விழுங்கத் தெரியாதவர்.

"சார், மூணு கம்பெனி விலை சொல்லணும்கறது விதி. ரெண்டுதான் வந்திருக்கு. மூணாவது வரலைன்னா, காரணத்தை எழுதி நீங்க கையெழுத்துப் போட்டு வாங்கலாம். அதுவும் அதே விதியிலதான் இருக்கு."

"இருக்கு. நாளைக்குத் தணிக்கைக்காரங்க வந்து, ஏன் இன்னொருத்தர்கிட்ட கேக்கலைன்னு என்னைக் குடைஞ்சா?"

"பதில் சொல்லுங்க. அதுக்குத்தானே சார் அந்த நாற்காலி."

அதிகாரிக்குச் சுருக்கென்றது. "பக்கத்து மாவட்ட அதிகாரி இப்படித்தான் கையெழுத்துப் போட்டுக் கம்பளிக்கோட்டு வாங்கினாரே, அவருக்கு என்னாச்சுன்னு தெரியுமில்ல? ஒரு காசு தொடாத மனுஷன். ஓய்வு பெறுற வரைக்கும் விசாரணை, விசாரணைன்னு அலைஞ்சாரு. மூணாவது கம்பெனிக்கு மறுபடி கடிதம் போடுங்க."

கடிதம் போயிற்று. பதில் வரவில்லை. இன்னொன்று போயிற்று. அதற்கும் பதில் இல்லை. நிதியாண்டு முடியும் நாள் வந்தது. செலவாகாத பணத்தை அரசுக்குத் திருப்ப வேண்டும். 'இந்த ஆண்டு தேவைப்படாததால் திருப்பி அனுப்பப்படுகிறது' என்பது அதற்கென்றே இருக்கும் வழக்கமான வாசகம். அந்த வருடம் முழுவதும் அவர் யோசிக்காமல் கையெழுத்திட்ட தாள் அது ஒன்றுதான். திருப்பிக் கொடுத்தவனை யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்?

ஒருவரும் கேட்கவில்லை. ஆய்வுக் கூட்டத்தில் மேலதிகாரி, "உங்க அலுவலகத்தைப் பத்தி ஒரு புகார்கூட இல்ல" என்று பாராட்டினார். அதிகாரி நிம்மதியாக வீடு திரும்பினார். அடுத்த வருட ஒதுக்கீடு வந்தபோது காதுக் கருவிக்கான தொகையையே காணோம். தேவைப்படாததற்கு எதற்குப் பணம் என்று தலைநகரில் யாரோ அடித்துவிட்டிருந்தார்கள்.

பீரங்கியும் அவர் மனைவியும் மறுபடி வந்தார்கள். "இந்த வருஷம் இல்லைன்னுட்டாங்கம்மா. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார் அதிகாரி.

அந்த அம்மாள் எழுந்து கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "சரி சார். நாங்க எங்க போயிடப் போறோம்?"

மழைக்காலம் தொடங்கிய சமயம். ஒரு நாள் காலை காவலாளி வந்து கதவருகே தயங்கி நின்றான். "சார், நம்ம பீரங்கி வீட்டம்மா போயிட்டாங்களாம். நேத்து குளியலறையில வழுக்கி விழுந்துட்டாங்களாம்."

மதியத்துக்கு மேல் அதிகாரியும் தலைமை எழுத்தரும் போனார்கள். ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. முன்பக்கம் ஓர் அறை. அதையடுத்துச் சமையலறை. பின்முற்றத்தின் மூலையில் குளியலறை. எல்லாம் முடிந்து உறவினர்கள் நாலைந்து பேர் மட்டும் இருந்தார்கள். பீரங்கி நாற்காலியில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மனிதர் பேசாமல் இருந்து அதிகாரி பார்த்ததே இல்லை.

"நல்லாத்தான் இருந்தாங்க. என்ன பண்றது, எல்லாம் விதி" என்றார் ஓர் உறவினர்.

தலைமை எழுத்தர் தரையைப் பார்த்தார். அதிகாரிக்கு அந்த வார்த்தை காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் இருந்தது. உட்கார முடியாமல் எழுந்து பின்முற்றத்துக்குப் போனார்.

அங்கே பக்கத்து வீட்டுப் பெண் குளியலறைக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவள். வேலை முடிந்து வந்தபோது கதவுக்கு அடியில் தண்ணீர் வழிவதைப் பார்த்து, ஆட்களைக் கூப்பிட்டுத் திறந்தது அவள்தான்.

"நீங்க அந்த ஆபீஸ் சாரா?" என்று கேட்டாள். பிறகு முன்னறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "விழுந்ததும் உயிர் போயிடுச்சுன்னுதான் அவர்கிட்ட சொல்லியிருக்கோம். அது நெஜமில்ல சார். இடுப்பு ஒடிஞ்சு, தலையிலயும் அடி. எழுந்திருக்க முடியல. கையில குவளையைப் புடிச்சுட்டே கெடந்தாங்க. குவளை நசுங்கிப் போயிருந்துச்சு. இந்தாப் பாருங்க, கதவுல உள்பக்கம் பெயிண்டே பேந்து கெடக்கு. தட்டியிருக்காங்க சார். ரொம்ப நேரம் தட்டியிருக்காங்க. இந்த வரிசையில பகல்ல யாரும் வீட்ல இருக்க மாட்டோம். அவர் மட்டும்தான் இருந்தாரு. சீக்கிரம் கொண்டுவந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் என்கிட்ட சொன்னாரு. குவளையை நான் எங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். அவர் கண்ணுல படக் கூடாதுன்னு."

அதிகாரி கதவைப் பார்த்தார். கீழே, முழங்கால் உயரத்தில், கீறலும் பள்ளமுமாக ஓர் இடம் வெள்ளையாகத் தெரிந்தது. அதைத் தொடக் கையை நீட்டினார். தொடவில்லை.

விடைபெறுவதற்காக முன்னறைக்கு வந்தபோது, பீரங்கி அவர் கையைப் பிடித்து அருகில் உட்கார வைத்தார். அந்தக் குரல் இவ்வளவு சன்னமாக வரும் என்று அதிகாரிக்குத் தெரியாது. குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"சார், விழுந்ததும் போயிட்டான்னு எல்லாரும் சொல்றாங்க. என் மனசு ஆறணும்னு சொல்றாங்களோ என்னவோ. நான் இங்கதான் இருந்தேன். இதே நாற்காலியில. பேப்பரை ஒரு வரி விடாம படிச்சேன். அவ கடைக்குப் போயிருக்கா, வர நேரமாகுதேன்னு கோவம்கூட வந்துச்சு. நீங்க பொய் பேச மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும். அதனால உங்ககிட்ட கேக்கறேன். அவ என்னைக் கூப்பிட்டிருப்பாளா?"

அறையில் இருந்த எல்லோரும் அதிகாரியைப் பார்த்தார்கள். பின்கதவருகே பக்கத்து வீட்டுப் பெண் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அதிகாரி இல்லை என்று தலையை அசைத்தார். பீரங்கியின் கண்கள் அவர் முகத்தை விட்டு விலகாததால், இன்னொரு முறையும் அசைத்தார்.

"அப்படின்னா சரி" என்றார் பீரங்கி. "நீங்க சொன்னா சரிதான்."

அன்று மாலை வீட்டில் அதிகாரி வெறுமனே உட்கார்ந்திருந்தார். சமையலறையிலிருந்து மனைவி கூப்பிட்ட குரல் முடியுமுன் எழுந்து போய் நின்றார். மனைவி திரும்பிப் பார்த்து, "என்ன அதிசயம், ஒரு தடவை கூப்பிட்டதுமே வந்துட்டீங்க" என்றார். அதிகாரி அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்துகொண்டு, சின்னப் பிள்ளைபோல் அழுதார்.

அடுத்த ஒதுக்கீட்டுக்கான கூட்டம் தலைநகரில் நடந்தது. நீண்ட மேசை. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் சில நிமிடங்கள்தான். தன் முறை வந்ததும் அதிகாரி எழுந்து, காதுக் கருவிக்குப் பணம் வேண்டும் என்றார்.

நிதித்துறை அலுவலர் தாளைப் புரட்டினார். "கொடுத்தோமே. தேவைப்படலைன்னு எழுதி நீங்கதான திருப்பி அனுப்பியிருக்கீங்க?"

"தேவை இருந்துச்சு சார். நான் எழுதினதுதான் பொய்."

நிதித்துறை அலுவலர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"அந்தப் பணத்தை யாரும் திருடல. நானும் தொடல. கையெழுத்துப் போட பயந்தேன். எனக்கு ஒரு கேள்வி வந்துடக் கூடாதுன்னு, காது கேக்காதவங்களை வராந்தாவுல உக்கார வெச்சேன். அதுல ஒருத்தரோட சம்சாரம் உதவிக்குக் கதவைத் தட்டித் தட்டியே செத்துப்போனாங்க. அவர் அடுத்த ரூம்லதான் இருந்தாரு. நான் சேமிச்சுக் குடுத்த பணம் அதுதான் சார்."

பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

பணம் வந்தது. முன்பு ஒதுக்கியதில் பாதிதான். இந்த முறையும் இரண்டு கம்பெனிகளே விலை சொல்லின. அதிகாரி காரணத்தைத் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டார். பின்னால் தணிக்கைக்காரர்கள் வந்து குடையத்தான் செய்தார்கள். அவருடைய பதவி உயர்வும் தள்ளிப்போயிற்று. ஆனால் அவர் பயந்ததுபோல் வானம் இடிந்து விழவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். எழுதிக்கொண்டு போனார்கள்.

கருவிகள் கொடுத்த நாளன்று அலுவலகக் கூடம் நிறைந்திருந்தது. கருவியை மாட்டியதும் ஒரு பெரியவர் மிரண்டுபோய் மேலே பார்த்தார். "என்னவோ கடகடங்குதே?" "மின்விசிறி தாத்தா, அது ரொம்ப நாளா அப்படித்தான்" என்றான் காவலாளி. கூடமே சிரித்தது. வேறொருவர் தன் மகள் பேசுவதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

பீரங்கி கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். பெயர் வந்ததும் காவலாளி அவர் தோளைத் தொட்டு அழைத்து வந்தான். அதிகாரி கருவியை இரண்டு கைகளாலும் நீட்டினார். பீரங்கி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொத்தான் அளவுதான் இருந்தது.

"இவ்வளவு சின்னதா?" என்றார், பழைய உரத்த குரலில். பிறகு அதை மெதுவாக மேசை மேல் வைத்தார். "எனக்கு வேண்டாம் சார். வீட்ல பேச ஆள் இருக்கிறவனுக்குக் குடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவர் எல்லோரையும் பார்த்து ஒரு வணக்கம் வைத்துவிட்டு, சுவரோரமாக நடந்து வெளியே போனார். அதிகாரி பின்னாலேயே வாசல்வரை போனார். கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது. ஓடிப்போய்க் கையைப் பிடிக்க அதிகாரிக்குத் துணிவு இல்லை.

தலைமை எழுத்தர் அருகில் வந்து நின்றார். எப்போதும் வெடுக்கென்று பேசுகிற அவருக்கே அன்று மனம் இளகியிருந்தது. "மனசைப் போட்டு ஒழப்பிக்காதீங்க சார். நீங்க ஒரு காசு எடுத்தவர் இல்ல."

"எடுத்தாத்தான் திருட்டுன்னு நானும் இத்தனை வருஷம் நெனைச்சிருந்தேன்மா" என்றார் அதிகாரி. "ஒருத்தருக்குச் சேர வேண்டியதை, சேர வேண்டிய நேரத்துல குடுக்காம வெச்சிருந்தா அதுவும் திருட்டுதான். எடுத்தவன்கிட்டயிருந்து பணத்தையாவது திருப்பி வாங்கலாம். காலம் கடத்தினவன்கிட்ட எதைத் திருப்பி வாங்க முடியும்?"