வருஷம் திரும்பாத வீடுகள்

கிட்டே வாருங்கள், என் செல்வங்களே. மின்விசிறிக்கு அடியில் இடம் பிடித்தவர்களும் காதை மட்டும் என் பக்கம் திருப்பி வையுங்கள். குத்தாலத்தில் ஒரு விருதுக்கு ஆள் தேடிய கதை சொல்கிறேன். அடிதடி இல்லாத கதைதான். ஒரு அம்மாள் தன் மனசோடு கட்டிய மல்லுதான் அதில் பெரிது.

குத்தாலத்தில் ஒரு நலச் சங்கம் உண்டு. ஆபத்துக்கு ஓடிவந்து உதவுகிற ஊழியர் ஒருவருக்கு ஒவ்வொரு தை மாதக் கடைசியிலும் சால்வை போர்த்திக் கேடயம் கொடுப்பார்கள். யாருக்கு என்று முடிவு செய்ய மூன்று பேர்: ரைஸ்மில் யூனுஸ் பாய், மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரெத்தினம், பள்ளியில் கணக்கு நடத்திய ஆனந்தம் டீச்சர்.

இந்தத் தடவை கடைசியில் நின்றது இரண்டு பேர். ஒருவன் தீயணைப்பு நிலையத்துத் தமிழ்மாறன். இன்னொருத்தி ஆம்புலன்ஸில் நோயாளி பக்கத்திலேயே உட்கார்ந்து வரும் சுடர்விழி.

ஆனந்தத்துக்குச் சங்கடம் அங்கேதான். ஐப்பசியில் காவிரி கரை தளும்ப ஓடியபோது, அவள் கணவர் சந்தானகிருஷ்ணன் துலா ஸ்நானம் என்று இறங்கி, படி வழுக்கி, மதகு வரைக்கும் அடித்துச் செல்லப்பட்டார். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்து, அவரைக் கரை சேர்த்தவன் தமிழ்மாறன். காலையில் குங்குமம் வைத்துக்கொள்ளும்போதெல்லாம் அவளுக்கு அந்தப் பிள்ளையின் முகம்தான் ஞாபகம் வரும்.

முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டாள். "எனக்கு ஒரு பக்கம் கடன் இருக்கு பாய். நான் விலகிக்கறேன்."

"யாருக்குத்தான் கடன் இல்ல டீச்சர்? என் தவிட்டுக் கொட்டகை பத்திக்கிட்டப்ப எவன் வந்து அணைச்சான்? அப்புடிப் பாத்தா டெல்லியிலேர்ந்துதான் ஆளை இறக்கணும்" என்றார் யூனுஸ்.

"அவன் வந்து நம்ம வெயில்ல மயங்கி விழுவான். அதுக்கு வேற ஆம்புலன்ஸக் கூப்பிடணும்" என்றார் ரெத்தினம். "ஒளிக்காம சொன்னீங்கல்ல, அது போதும். உக்காருங்க."

உதவி பெற்றவர்கள் நேரில் வந்து வாயால் சொல்ல வேண்டும் என்பது சங்கத்து வழக்கம். எங்கே, எப்போது கூட்டலாம் என்று கேட்டபோது, "தை வெள்ளிக்கிழமை, சிவன் கோயில் மண்டபம். நல்ல காரியம், நல்ல இடத்தில் நடக்கட்டும்" என்று சொன்னவள் ஆனந்தம்தான்.

அன்று மண்டபம் கொள்ளவில்லை. சேற்றுக் குழியில் விழுந்த பசுவைத் தமிழ்மாறன் தூக்கிய கதை, அடுப்படியில் படமெடுத்த நல்ல பாம்பைப் பிடித்த கதை என்று சனம் மாற்றி மாற்றிப் பேசியது. சுடர்விழிக்காக வந்தது இரண்டே பேர். வண்டியிலேயே பிள்ளை பெற்ற ஒருத்தி, பைக்கிலிருந்து விழுந்து பிழைத்த ஒருவன்.

"பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆள் சேரலியே" என்றார் ரெத்தினம்.

ஆனந்தத்துக்கு உள்ளூர நிம்மதி. நியாயமும் ஆசையும் ஒரே பக்கம் நின்றால் யாருக்குத்தான் கசக்கும்?

வெளியே வந்தபோது எதிர்த்த டீக்கடை பெஞ்சில் காளியம்மாள் உட்கார்ந்திருந்தாள். முன்பெல்லாம் நாள் தவறாமல் கோயிலுக்குள் வந்து விளக்குப் போட்டவள்.

"உள்ள வராம இங்க என்ன பண்றீங்க காளியம்மா?"

"ஆம்புலன்ஸ் பொண்ணப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும்னுதான் வந்தேன் டீச்சர். எங்க வீடு சாவு விழுந்து வருஷம் திரும்பாத வீடாச்சே. கோயில் வாசப்படி எப்புடி மிதிக்கிறது?"

புரட்டாசியில் அவள் புருஷன் மருதையன் வயலில் உரம் தெளிக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான். வழி நெடுக அவன் மார்பை அழுத்திக்கொண்டே வந்தவள் சுடர்விழி.

"அந்தப் பொண்ணுக்கு வேர்த்து ஊத்துது. கை ஓயல. அப்புறம் என் முகத்தப் பாத்து, 'அம்மா, அவர் காதுல எதாச்சும் சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்க'ன்னுச்சு. சொன்னேன் டீச்சர். அது மட்டும் வாய்க்காம போயிருந்தா, சோறு எறங்குமா எனக்கு?"

ஆனந்தம் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாமியார் இறந்த வருஷம் அவளும்தான் கோயில் விசேஷம் எதற்கும் போகாமல் இருந்தாள். பிழைத்தவர்களை மட்டும் உள்ளே விட்டு, பிழைக்காதவர்களின் வீட்டையெல்லாம் வெளியே நிறுத்திவிட்டோமே! எமனோடு மல்லுக்கு நின்று தோற்றவளுக்கு யார் வந்து சாட்சி சொல்வார்கள்?

பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியாது. வாயைத் திறந்தால், தாலியைக் காத்தவனுக்குத் துரோகம். வீட்டில் மெல்லப் பேச்சை எடுத்துப் பார்த்தாள்.

"தண்ணியிலேர்ந்து என்னைத் தூக்கிண்டு வந்தது யாரு? உன் ஆம்புலன்ஸா?" என்றார் சந்தானகிருஷ்ணன். "நன்றின்னு ஒண்ணு இருக்கோன்னோ?"

மறுநாள் மற்ற இருவரிடமும் போய், துக்க வீட்டார் படி மிதிக்க முடியாத கோயிலில் கூட்டம் கூட்டியதே தப்பு என்றாள். மறு கூட்டத்துக்கு யூனுஸ் தன் மில்லின் நெல் காயப்போடும் களத்தைப் பெருக்கிவைத்தார். துக்க வீட்டுக்காரர்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள். மகனை விபத்தில் இழந்த ஒரு பெரியவர், "கருமாதி முடிஞ்சு மறுநா அந்தப் பொண்ணு வந்து வாசல்ல நின்னுச்சுங்க. அழுவுறதா, கும்புடுறதான்னு தெரியல" என்றார். தமிழ்மாறனைப் பற்றிச் சொல்லவும் ஒரு துக்க வீட்டார் வந்தார்கள். ஒருவரையும் அவசரப்படுத்தவில்லை.

யூனுஸ் சுடர்விழி பக்கம். ரெத்தினமோ, "வெள்ளத்துல உசிரப் பணயம் வச்சுக் குதிச்சவன்ங்க. நான் மாற மாட்டேன்" என்றார். அதுவும் நியாயம்தானே? ஆக, முடிவு ஆனந்தத்தின் வாயில் வந்து நின்றது.

"தமிழ்மாறனுக்கு நான் ஆயுசுக்கும் கடன்பட்டவ. அதை நான்தான் தீர்க்கணும். சங்கத்துக் கேடயத்தை எடுத்துக் கொடுத்துத் தீர்க்கக் கூடாது. எனக்குச் சுடர்விழிதான்" என்றாள்.

தமிழ்மாறன் வீட்டுக்கும் அவளேதான் போய்ச் சொன்னாள். அவன் முகம் வாடியதை மறைக்கவில்லை.

"அம்மா அலமாரில இடமே ஒதுக்கிட்டாங்க டீச்சர்" என்றான். பிறகு அவனே சொன்னான்: "அக்காவுக்கே கொடுங்க. நாங்க தூக்கிக் கொடுத்துட்டுக் கயித்தச் சுத்திக்கிட்டுப் போயிடுவோம். அதுக்கப்புறம் வழி பூரா அவங்க பாடுதான்."

சுடர்விழிக்குச் சால்வை போர்த்திய அன்று சந்தானகிருஷ்ணன் விழாவுக்கு வரவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தமிழ்மாறனையும் அவன் அம்மாவையும் அவரே போய் அழைத்து வந்து, இலை போட்டு, வடை பாயசத்தோடு தன் கையாலேயே பரிமாறினார்.

"இதோட கடன் தீர்ந்துடுத்தா?" என்று அடுக்களையில் கிசுகிசுத்தார்.

"ஒரு பாயசத்துலயா? வருஷா வருஷம் போடுங்கோ" என்றாள் ஆனந்தம்.

என் கண்ணுகளா, உங்கள் வாசலுக்கு அந்த வண்டி வரும் வேளை வராமலே இருக்கட்டும். வந்தே தீரும் என்றால், ஓயாத கை ஒன்று அதில் வரட்டும். குதிரில் நெல்லும் குழாயில் தண்ணீரும் குறையாமல், உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல், போனவர்கள் அத்தனை பேரும் பொழுதோடு வீடு திரும்பி, எல்லோருமாக ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிட்டு நன்றாக இருங்கள்.