சாத்தம் போய்ச் சேரும் வரை

நெஞ்சில் ஒட்டியிருந்த ஒயர்களை ஸ்வப்னா சிஸ்டர் கழற்றும்போதே ஆக்சிலியாவுக்குத் தெரிந்துவிட்டது, இந்தத் தடவையும் ஒன்றும் அகப்படவில்லை என்று. ஆட்டோவில் ஏறும்போது குதித்துக்கொண்டிருந்த நெஞ்சு, ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் அடங்கிவிட்டது. எப்போதும் இப்படித்தான். அலையில் படகின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு, புரொப்பல்லர் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிட்டால் எஞ்சின் தாறுமாறாக அலறுமே, அப்படித் திடீரென்று அடிக்கத் தொடங்கும். பிறகு யாரோ சுவிட்சை அணைத்ததுபோல நின்றுவிடும்.

டாக்டர் மகேஷ்குமார் இசிஜி தாளை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். "மிஷின் பார்டர்லைன்னு அடிச்சிருக்கு. இத நார்மல்னும் சொல்ல முடியல, வியாதின்னும் சொல்ல முடியல. எக்கோ, ரத்த டெஸ்ட் எல்லாம் நல்லா இருக்கு. அன்னைக்கு ஒருநாள் முழுக்க நெஞ்சுல சின்ன மிஷின மாட்டி அனுப்பினோமே, அதுலயும் ஒண்ணும் வரல. படபடன்னு அடிக்கிற நேரத்துல எடுத்தாத்தான்மா தெரியும்."

இவராவது தெரியவில்லை என்று சொல்கிறார். இதற்கு முன்னால் பார்த்த கிளினிக்கில், வீட்டில் ஏதும் டென்ஷனா என்று கேட்டுவிட்டுத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

"நான் ஃபெர்ரி மாஸ்டர் சார். பேம்பூ ஃப்ளாட் கரைக்கும் எதிர்க்கரை சாத்தத்துக்கும் வண்டி ஏத்திட்டுப் போற போட்."

டாக்டர் தாளைக் கீழே வைத்தார். "ஓட்டக் கூடாதுன்னு எழுதிக் குடுக்க எங்கிட்ட ஆதாரம் இல்ல. ஆனா அடிக்க ஆரம்பிச்சா வீல்ல நிக்காதீங்க. நேரா இங்க வாங்க."

அன்று சாயங்காலம், டாலிகஞ்சில் படகு மோட்டார் பழுதுபார்க்கும் கடையைச் சாத்திவிட்டு வந்த கணவன் ஜெரால்ட், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெல்லச் சொன்னான். "ஏளா, பேப்பர்லயே ஒண்ணும் தெளிவா இல்ல. நீயா போயி நெஞ்சு சரியில்லன்னா, ஒன்னையத் தூக்கி டிக்கெட் கவுண்டர்ல ஒக்கார வச்சுருவானுவ. கேட்டா வாயுன்னு சொல்லு."

அவன் சொன்னதில் பொய் இல்லை. டெக் கழுவும் வேலையில் சேர்ந்து, கயிறு பிடித்து, பரீட்சை எழுதி, ஒவ்வொரு படியாக ஏறி அந்த வீலுக்கு வந்தவள் அவள். முதல் வாரத்தில் அவளைப் பார்த்துவிட்டு அடுத்த போட்டுக்குக் காத்திருந்த லாரிக்காரர்கள், இப்போது அவள் போட் எது என்று கேட்டு வரிசையில் நிற்கிறார்கள். அந்த இடத்தை, மிஷினுக்கே சந்தேகமாக இருக்கிற ஒரு சங்கதிக்காக எப்படி விடுவது? இரண்டு வாரம் அவள் அதையே நினைத்தாள். நெஞ்சும் சாதுவாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பேம்பூ ஃப்ளாட்டிலிருந்து கிளம்பிப் பாதித் தண்ணீர் தாண்டியபோது, அது வந்தது. டெக்கில் காய்கறி லாரி, பால் வண்டி, நெருக்கிக்கொண்டு ஸ்கூட்டர்கள், யூனிஃபார்மில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். கழுத்து நரம்புவரை அடித்தது. கை நடுங்கவில்லை, கண்ணும் இருட்டவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்தால் கரை. கொண்டுபோய்விடலாம், யாருக்கும் தெரியாது. கீழே ஒரு பிள்ளை கம்பியில் தாடையை வைத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நாகராஜ், வீல் பிடி. எனக்கு நெஞ்சு சரியில்ல."

உதவி மாஸ்டர் நாகராஜ், என்ன ஆயிற்று என்று தெரியாமல் திகைத்தான். "க்யா ஹுவா மேடம்?"

"பிடின்னு சொல்றேன்ல."

அவன் பிடித்ததும் அவள் வாக்கிடாக்கியை எடுத்தாள். படகுத்துறையில் இருக்கிறவர்கள், மற்ற போட்டுக்காரர்கள், ஆபீஸ் எல்லாருக்கும் அது கேட்கும் என்று தெரிந்தே பேசினாள். "மாஸ்டர் கா தபியத் டீக் நஹி ஹை. நாகராஜ் லா ரஹா ஹை. ஆட்டோ ரெடி ரக்கோ." மாஸ்டருக்கு உடம்பு சரியில்லை, நாகராஜ் கொண்டுவருகிறான், ஆட்டோ வேண்டும். சொல்லி முடித்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது. இனி இதை யாரும் வாயு என்று சொல்ல முடியாது.

ஆட்டோ ஹாடோ சாலையில் ஏறியபோது அவள் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இத்தனை மாதமும் நின்றுவிடு, நின்றுவிடு என்று மாதாவை வேண்டியவள், இன்றைக்கு மட்டும் நின்றுவிடாதே என்று வேண்டினாள்.

நிற்கவில்லை. ஸ்வப்னா ஒயர்களை ஒட்டினாள். மிஷினிலிருந்து வந்த தாளைப் பார்த்ததும், "சார், ஜல்தி வாங்க! கிடைச்சாச்சு!" என்று கத்திவிட்டாள். டாக்டர் ஓடி வந்தார். துடிப்பை அடக்க, காலி சிரிஞ்சு ஒன்றைக் கொடுத்து மூச்சை அடக்கி அதற்குள் ஊதச் சொல்லி, சட்டென்று படுக்கவைத்துக் காலைத் தூக்கினார்கள். நெஞ்சு ஒரு கணம் வெறுமையாகி, பிறகு பழைய நடைக்குத் திரும்பியது.

"டென்ஷன் இல்லம்மா," என்றார் டாக்டர். "இதயத்துல கரண்ட் போற பாதையில ஒரு குறுக்கு வழி இருக்கு. பொறந்ததுலேருந்தே இருந்திருக்கலாம். இந்தத் தீவுல வசதி இல்ல, மெயின்லேண்ட் போனா சரி பண்ணலாம், பெரும்பாலும் சரியாயிரும். அதுவரைக்கும் வீல் கிடையாது."

"அப்புறம்?"

"அது மெடிக்கல் போர்டு சொல்லணும்."

கையில் கிரீஸ் கறையோடு ஜெரால்ட் கடையிலிருந்து ஓடி வந்தான். தாளை வாங்கி, நெருக்க நெருக்கமாக ஓடிய கோடுகளை வெகுநேரம் பார்த்தான். சாயங்காலம் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போகும்போது, ஆட்டோக்காரரின் தோளைத் தட்டி, அவர் கேட்காமலே சொன்னான். "பாய், எம் பொண்டாட்டிதான் அந்தச் சாத்தம் போட்டுக்கு மாஸ்டர். இன்னைக்கு அத்தன சனத்தையும் வச்சுக்கிட்டு என்ன காரியம் பண்ணினா தெரியுமா?"

"சும்மா இருங்க," என்றாள் ஆக்சிலியா. ஆனால் அவன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மரைன் ஹில் வளைவில் துறைமுகம் தெரிந்தது. அவள் வண்டியை நிறுத்தச் சொன்னாள். தூரத்தில் ஃபெர்ரி சாத்தத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

"நாகராஜா?" என்றான் ஜெரால்ட்.

"ம். திருப்பத்தக் கொஞ்சம் அகலமா எடுக்கான். பழகிருவான்."

போட் கரையில் முட்டி நின்றது. வண்டிகள் இறங்கும் முன்பக்கத் தட்டு மெல்லத் தாழ, உள்ளே காத்திருந்த வண்டிகளின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து, இருட்டத் தொடங்கிய கரைச் சரிவின் மேல் விழுந்தன.