அடிக்கணக்கில் விழுந்த ஓட்டு

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும் எனக்கு மிச்சமிருக்கும் நான்கு பற்களும் இந்த நிமிடமே கொட்டட்டும்.

எங்கள் தெருமுனைக்கு அப்பால் கிடந்த வெற்று நிலத்தை நகராட்சியோடு சேர்த்து அடுக்குமாடி கட்டலாமா, வேண்டாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். சேர்த்தால் முதல் சாலையே என் மச்சினனின் சைக்கிள் கடைக்குள் புகுந்து வெளியே வரும். வரைபடத்தைப் பார்த்த துக்கத்தில் அவன் இரண்டு நாள் தன் வீட்டில் சாப்பிடவில்லை. என் வீட்டில் சாப்பிட்டான்.

பள்ளிக்கூட ஹாலில் கை தூக்கும் ஓட்டு. எண்ண வேண்டிய குமாஸ்தாவுக்குக் காய்ச்சல் என்று சர்வேயரை அனுப்பியிருந்தார்கள். முப்பது வருடமாக நிலத்தை அளந்தே பழகிய மனிதர். எண்ண வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. டேப்பை இழுத்து, தோளிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒவ்வொரு கையாக அளந்து, கூட்டி, எழுந்து நின்று வாசித்தார்.

"சேர்க்கணும், நூத்தி நாப்பத்தோரு அடி. வேண்டாம், நூத்தி நாப்பது அடி ஏழு அங்குலம்."

"அய்யா, தலையை எண்ணுங்க! எங்க பக்கம் மூணு பேர் கூடுதல்!" என்று எங்கள் தரப்பிலிருந்து எழுந்தார் தெரு டீச்சரம்மா. "குட்டையா பொறந்தது எங்க தப்பா?"

"அளவுல சந்தேகம்னா மனு குடுங்கம்மா. பத்து நாள் கழிச்சு மறுபடி அளக்கறேன்."

மச்சினன் கடையில் சைக்கிள் மாட்டும் கொக்கிகள் பன்னிரண்டு உண்டு. அன்று மாலையே சைக்கிள்களை இறக்கிவிட்டு எங்களை மாட்டினான். முறைவைத்து, ஆளுக்கு அரை மணி நேரம்.

"அத்தான், காலைத் தரையில ஊனாதீங்க. கடை போயிடும்."

"என் கை போயிடும்டா!"

"உங்க கை போனா அக்கா ஊட்டிவிடுவா. என் கடை போனா எனக்கு யாரு ஊட்டுவா?"

"இப்பவும் அவதானேடா ஊட்டறா!"

டீச்சரம்மா பேனாவைப் பல்லில் கடித்து, தொங்கியபடியே பரீட்சைத் தாள் திருத்தினார். ஐந்தாம் நாள் என் முழுக்கைச் சட்டை அரைக்கைச் சட்டையாகிவிட்டது. ஒன்பதாம் நாள் குனியாமலே செருப்பு வாரை மாட்டினேன். பரணில் இருக்கும் பாத்திரத்தை எடுக்க என் மனைவி ஸ்டூல் தேடுவதை நிறுத்திவிட்டு என்னைத் தேட ஆரம்பித்தாள்.

மறு அளவை நாள். எதிர்த்தரப்பு அதே நூற்று நாற்பத்தோரு அடி. நாங்கள் இருநூற்று எண்பத்திரண்டு.

அடுக்குமாடி கட்டவிருந்த கான்ட்ராக்டர் மேஜையைக் குத்தினார். "மோசடி! ஆளைத் தொங்கவிட்டு இழுத்திருக்காங்க!"

சர்வேயர் நிதானமாக டேப்பைச் சுருட்டினார். "கையை அளக்கத்தான் எனக்கு உத்தரவு. அது எப்படி வளர்ந்துச்சுன்னு விசாரிக்க வேற ஆபீஸ் இருக்கு. அங்க போங்க."

முத்திரை விழுந்தது. நிலம் தப்பியது, கடையும் தப்பியது. மச்சினன் அழுதுகொண்டே என்னைக் கட்டிப்பிடித்தான். அவன் கைகள் என்னை ஒன்றரைச் சுற்று சுற்றிவந்து அவன் முதுகிலேயே தட்டிக்கொடுத்தன.

இதை நான் எழுதிக்கொண்டிருப்பது, அந்த நிலத்தில் கட்டிய அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில். வாயில் இப்போது ஒரு பல்லும் மிச்சமில்லை.