வெயில் பட்ட குழாய்

அவர் பேருந்து ஓட்டுநர். முந்தின நாள் மாலை வண்டியை விட்டு இறங்கும்போது, பின்மண்டையில் யாரோ கட்டையால் அடித்தது போல வலித்தது. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்கேன் கண்ணுக்குத் தப்பி மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்திருக்கிறதா என்று பார்க்க, காலையில் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள்.

அந்த நீர் இருந்த குழாயை வாங்கியதுமே லேப் அக்காவுக்குச் சுருக்கென்றது. வெளிச்சம் படாமல் மூடி வர வேண்டியது, வெறுமனே வந்திருந்தது. வார்டு ஜன்னலோரம் இரண்டு மணி நேரம் வெயிலில் கிடந்ததாம். நீரில் லேசான சிவப்பு. இயந்திரத்தில் வைத்துச் சுழற்றினாள். சிவப்பு அடியில் தங்கியது. மேலே நின்ற நீர் தெளிவாக இருந்தது. ஊசி குத்தியதால் வந்த ரத்தம் என்றால் அப்படித்தான் இருக்கும். நேற்றே கசிந்தது என்றால் மேல்நீரில் மஞ்சள் ஏறியிருக்கும். ஆனால் அந்த மஞ்சளை வெயில் அழித்துவிடும்.

டாக்டரைப் போனில் பிடித்து விஷயத்தைச் சொன்னாள். நோயாளிக்கு வலி குறைந்துவிட்டது, வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார் என்றார் டாக்டர்.

"தெளிவா இருக்குல்ல? அப்படியே எழுதிக் கொடுங்க."

"எழுத மாட்டேன் டாக்டர். வெயில்ல கிடந்ததை நம்பி ஒருத்தரை எப்படி அனுப்புறது? வேற குழாய் இருக்கா?"

கடைசிக் குழாய், எடுத்த கையோடு மூடிய பெட்டியில் கிருமிப் பரிசோதனைக்குப் போயிருந்தது. மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டிப் போய், அங்கே மிச்சமிருந்த கொஞ்சத்தை வாங்கி வந்தாள். அதிலும் கண்ணுக்கு மஞ்சள் தெரியவில்லை. நிறத்தை அளக்கும் கருவியில் வைத்தாள். திரையில் கோடு சீராகச் சரிந்துவந்து, மஞ்சள் நிறமி காட்ட வேண்டிய இடத்தில் மேடு கட்டியது. மறுபடி ஓட்டினாள். அதே மேடு.

வார்டு போன் பிஸி. வெள்ளைக் கோட்டோடு ஓடினாள். லிஃப்ட் வாசலில் ஓட்டுநர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி நின்றார். பக்கத்தில் பையோடு மனைவி.

"அண்ணே, நடக்காதீங்க. அப்படியே உட்காருங்க."

"எனக்கென்னம்மா, பஸ் ஓட்டுற மண்டை. அவ்வளவு சீக்கிரம் கழண்டுடாது" என்று சிரித்தார் அவர்.

மனைவி சிரிக்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, அவர் தோளை அழுத்தி நாற்காலியில் உட்காரவைத்தார்.

ரத்தக்குழாய்க்குள் மருந்து செலுத்தி எடுத்த படத்தில், மூளை ரத்தக்குழாய் ஒன்றில் பட்டாணியளவு வீக்கம் தெரிந்தது. ரத்தம் கசிந்தது அதிலிருந்துதான். அன்று மாலையே தொடை ரத்தக்குழாய் வழியாகக் கம்பி விட்டு அதை அடைத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து மனைவி ஆய்வகத்துக்கு வந்தார். ஆறு மாதம் வண்டியைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம்.

"என் உயிரை எடுக்கிறாரு. தம்பி காரை ஓட்டினா, பின்சீட்ல உட்கார்ந்துக்கிட்டு பிரேக்கை மிதிக்கிறாரு" என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.